பசையக்கா ஒட்டிய கோடு

அந்த அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் பசையக்கா. அவளைவிட வயதில் எவ்வளவோ மூத்தவரான சூட்டு மெஷின்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம் போனால் போகிறது என்று விட்டுவிட்டாள். பட்டப்பெயர் காரணமில்லாமலும் வரவில்லை. அவள் விரல் நுனிகளில் எந்நேரமும் காய்ந்த பசை தோல் தோலாக உரிந்துகொண்டிருக்கும். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் முதல் வேலை அதைக் கிள்ளிக் கிள்ளி மேசை ஓரத்தில் குவிப்பதுதான். பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரருக்கு அந்தக் குவியலைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பிடுவார்.

அது கண் தெரியாத பிள்ளைகளுக்கான பாடப்புத்தகங்களை அச்சிடும் இடம். பிரெய்ல் எழுத்துகளை மெஷின் கடகடவென்று தாளில் புள்ளிகளாகக் குத்தித் தள்ளிவிடும். படங்கள் அப்படியில்லை, படத்துக்கு ஆள் வேண்டும். கெட்டியான அட்டையில் நூல், கயிறு, பாசிமணி, உப்புத்தாள், வலைத்துணி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஒட்டி, விரல் தடவினால் தெரிகிற மாதிரி மேடும் பள்ளமுமாக ஓர் அச்சு செய்ய வேண்டும். அதைத்தான் பசையக்கா செய்தாள். சூட்டு மெஷின்காரர் அந்த அட்டையை மெஷினுக்குள் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, நான்கு பக்கமும் சட்டத்தால் இறுக்குவார். சூட்டில் தாள் இளகும், கீழேயிருந்து காற்று உறிஞ்சும், தாள் அட்டையோடு அப்பிக்கொண்டு ஒவ்வொரு மேட்டையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஓர் அட்டை இருந்தால் போதும், எத்தனை தாள் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு வேடிக்கை. வேலை கிடைத்தது அவளுக்கில்லை, தம்பிக்கு. பிறவியிலேயே பார்வை இல்லாதவன், அவளுக்கு இரண்டு வயது இளையவன், பிரெய்ல் படிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அச்சான தாள்களைத் தடவிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் மெய்ப்பு வேலைக்கு அவனை எடுத்தார்கள். வழி பழகும்வரை துணைக்கு வந்தவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கப் பிடிக்காத கை. அங்கே கிடந்த அட்டையில் நூலை ஒட்டி ஒரு மீன் செய்து வைத்தாள். அப்போது படம் செய்துகொண்டிருந்தவருக்குப் பசை வாடை ஒத்துக்கொள்ளாமல் ஒரே இருமல். எப்போது கிளம்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த மீனைப் பார்த்ததும் நிம்மதியாகக் கிளம்பிவிட்டார். தம்பியைக் கொண்டுவிட வந்தவள் அவனுக்கு அடுத்த அறையில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தம்பியை அங்கே புரூப் சார் என்பார்கள். மரியாதையும் உண்டு, பயமும் உண்டு. ஒரு புள்ளி தேய்ந்திருந்தால்கூடத் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவான். அக்கா செய்த படம் என்பதற்காக ஒரு சலுகையும் கிடையாது. சொல்லப்போனால் அவளுக்குத்தான் கெடுபிடி அதிகம். தவளையின் வயிற்றுக்குள் இருப்பதைப் படமாக ஒட்டி அனுப்பினாள் ஒரு முறை. "இந்தத் தவளை ரொம்ப நாளா பட்டினி போல, குடலே இல்ல" என்று திருப்பி அனுப்பினான். இதயத்தின் நான்கு அறைகளுக்கும் சுவர் மெல்லிசாக இருக்கிறது என்பான். ஆறு கடலில் சேரும் இடத்தில் நூல் பிரிந்து நிற்கிறது என்பான். அவள் முணுமுணுத்துக்கொண்டே பிய்த்து ஒட்டுவாள். ஆனால் அவன் சரி என்று சொன்ன படம் எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது, வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தியது ஒரு கணக்குப் புத்தகம். அதுவும் பெரிய கணக்கு எதுவும் இல்லை. வடிவியலில் முதல் பாடம். புள்ளி, கோடு, கோட்டுத்துண்டு, கதிர், தளம், அவ்வளவுதான்.

அதுவரை வடிவியல் வந்தால் அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படம் வரவேண்டிய இடத்தில் ‘படம் நீக்கப்பட்டது’ என்று ஒரு வரியைக் குத்திவிட்டு மேலே போய்விடுவார்கள். படம் இல்லாத பாடத்தில் கேள்வி கேட்க முடியாது என்பதால் தேர்விலும் அந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விகளிலிருந்து விலக்கு. கேட்பதற்குச் சலுகை மாதிரி இருக்கும். வடிவியல் தெரியாதவர்கள் அதற்கு மேலான கணக்கு எதையும் எடுக்க முடியாது என்பது பிறகுதான் தெரியவரும். இந்த முறை மேலிடத்திலிருந்து தகவல் வந்திருந்தது: படத்தோடு புத்தகம் கொடுத்தால் விலக்கு இல்லை, எல்லாப் பிள்ளைகளும் எழுதலாம், அச்சுக்குப் போகும் நாளுக்குள் படம் தயாராகாவிட்டால் பழையபடியே நடக்கட்டும்.

பசையக்கா சிரித்தாள். தவளையின் குடலையே ஒட்டியவளுக்குக் கோடு ஒரு வேலையா? மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவள், மாலை டீ வருவதற்குள் ஐந்தையும் முடித்துவிட்டாள். கண் தெரிந்த பிள்ளைகளின் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் இருப்பதை அப்படியே ஒட்டினாள். புள்ளிக்கு ஒரு பாசிமணி. கோட்டுக்கு ஒரு நூல், இரண்டு முனையிலும் அம்புக்குறி. கதிருக்கு ஒரு முனையில் மணி, மறு முனையில் அம்புக்குறி. தளத்துக்கு, புத்தகத்தில் இருந்த மாதிரியே, நான்கு பக்கமும் கோடு இழுத்த சாய்வான ஒரு கட்டம். தாள் எடுத்துப் பார்த்தபோது எல்லாம் பளிச்சென்று வந்திருந்தது. அவளுக்கே அவள் கையை முத்தமிடலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் எல்லாம் திரும்பி வந்தன. ஒன்று இரண்டு அல்ல, புள்ளியைத் தவிர மற்ற எல்லாமே.

அவள் தாள்களை அள்ளிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். என்ன தப்பு என்று கேட்டாள். தப்பு என்று சொல்லத் தெரியவில்லை, புரியவில்லை என்றான் அவன். பாடத்தில் கோட்டுக்கு முடிவே இல்லை என்று போட்டிருக்கிறது. படத்தில் இரண்டு பக்கமும் முள் மாதிரி ஏதோ வந்து கோடு முடிந்துவிடுகிறது. கோட்டுத்துண்டுக்கு முடிவு உண்டு என்று போட்டிருக்கிறது, அதுவும் முடிகிறது. இரண்டும் முடிந்தால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டான். அது முள் இல்லை, அம்புக்குறி, அந்தப் பக்கம் இன்னும் போகிறது என்று அர்த்தம் என்று அவள் விளக்கினாள். தடவினால் சுவர் மாதிரி நிற்கிறதே, போகச் சொல்கிற மாதிரி இல்லையே என்றான்.

கதிரில் இன்னும் மோசம். ‘அ’ என்ற மணியில் தொடங்கி ‘ஆ’ வழியாகப் போகும் கதிரை அவன் தலைகீழாகப் படித்து வைத்திருந்தான். விரலுக்கு முதலில் தட்டுப்பட்டது பெரிய அம்புக்குறிதான். அதையே தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, சின்ன மணியில் வந்து முடித்துவிட்டான். தளத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "இடிஞ்சு விழப்போற வீட்டோட கதவு மாதிரி இருக்கு" என்றான். எல்லாப் பக்கமும் முடிவில்லாமல் பரந்திருப்பது தளம் என்று பாடம் சொல்கிறது, இதற்கு நான்கு மூலை இருக்கிறதே, ஏன் சாய்ந்து நிற்கிறது என்று கேட்டான். தட்டையாகக் கிடப்பதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

அந்த வாரம் முழுக்க இதே கூத்து. அம்பைச் சின்னதாக்கினாள், அவனுக்கு அது முடிச்சாகப் பட்டது. அம்புக்குப் பதிலாக நூலைப் போகப்போக மெல்லிசாக்கினாள். "கோடு இளைச்சுக்கிட்டே போய்ச் செத்துடுதா?" என்று கேட்டான். முனையில் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்தாள். மழைத்தூறல் என்றான். ஒட்டுவதும் பிய்ப்பதுமாக அவள் மேசையெல்லாம் நூல் குப்பை. அவளுக்கு இயல்பிலேயே மூக்கின் மேல் கோபம். அடக்கி அடக்கி வைத்திருந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளியே வந்துவிட்டது.

"உனக்குப் புரியலைன்னா படம் தப்பாயிடுமாடா?" என்றாள். "கண்ணு தெரியுற பிள்ளைங்க எல்லாம் இதைத்தான் பாத்துப் படிக்குது. உன் மண்டைக்கு ஏறலைன்னா நான் என்ன செய்ய?"

அவன் தாள்களைத் தட்டி அடுக்கி, ஓரம் சரிபார்த்து, அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். பிறகு எழுந்து கம்பை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனான். கணக்குப் புத்தகங்களை இனிமேல் தான் பார்ப்பதாக இல்லை, தனக்கு அது வராது, வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து, கதைப் புத்தகத்தின் மெய்ப்பை எடுத்து வைத்துக்கொண்டான்.

மேலாளர் நல்ல மனிதர். பசையக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, மெதுவாகத்தான் பேசினார். வேறு ஆள் யார் இருக்கிறார்கள் என்று அவரே யோசித்துப் பார்த்தார். அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் இருக்கிறார், விரலால் நன்றாகப் படிப்பார், ஆனால் அவரும் வடிவியல் விலக்கு. தொலைபேசி நிலையத்தில் ஒருவர் இருக்கிறார், அவரும் விலக்கு. யோசிக்க யோசிக்க, அவருக்குத் தெரிந்த வட்டாரத்தில் விரலால் படிக்கிற ஒருவருமே வடிவியல் படித்ததில்லை. திங்கள் மாலைக்குள் புத்தகம் அச்சுக்குப் போயாக வேண்டும், புரூப் சார் ஒப்புக்கொள்ளாத படத்தை அனுப்ப எனக்கு மனசில்லை, முடியாவிட்டால் பழைய வரியைப் போட்டுவிடுவோம் என்றார்.

அவள் வெளியே வந்தாள். தம்பி அறையைத் தாண்டும்போது உள்ளே பார்க்கவில்லை. அவன்மேல் கோபம் அப்படியே இருந்தது. எல்லாவற்றுக்கும் பிடிவாதம், ஒரு தடவையாவது அக்கா சொல்கிறாளே என்று விட்டுக்கொடுத்தானா என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

தம்பி குடியிருந்தது அவர்கள் வீட்டு மாடி அறையில். சாப்பாடு மட்டும் கீழே. அன்றைக்கு அவன் வந்தான், சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், மாடிக்குப் போனான். அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீரைக் குடித்துக் குடித்தே வயிற்றை நிரப்பிக்கொண்டார். அவன் படியேறும் சத்தம் ஓய்ந்த பிறகு வாயைத் திறந்தார்.

"என்ன நடக்குது இங்க? சாயங்காலம் வாசல்ல நிக்கும்போது வந்து கேக்குறான், மாமா, கோடுன்னா என்னன்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு என்ன தெரியும்? ரோட்டு நடுவுல வெள்ளையா போட்டிருப்பாங்க, தாண்டிப் போனா அபராதம்னு சொன்னேன்." அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். "அதுக்கு அவன் சிரிக்கல. அது எங்க முடியுதுன்னு கேட்டான். டிப்போவுலன்னேன். சரி மாமான்னு போயிட்டான். பாவமா இருந்துச்சு."

அவள் பசையைக் கிள்ளிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். பிடிவாதம் பிடிக்கிறவன் வாசலில் நின்று மாமாவிடம் போய் அதைக் கேட்க மாட்டான். புரிந்துகொள்ள வேண்டும் என்று தவிக்கிறவன்தான் கேட்பான். மத்தியானம் தான் சொன்ன வார்த்தை அவளுக்கு அப்போது திரும்பக் கேட்டது. உன் மண்டைக்கு ஏறலைன்னா. அதை அவன் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டான் என்றில்லை. முன்னாலேயே அவனுக்குள் இருந்ததைத்தான் அவள் உறுதிப்படுத்திவிட்டாள். மாடிக்குப் போய்ப் பேசலாமா என்று பார்த்தாள். என்ன பேசுவது? தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்லலாம். அதற்கு அவன், பரவாயில்லைக்கா, உண்மையைத்தானே சொன்னே என்பான். அதைக் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் வேலை. வழக்கம்போல இரண்டு பேரும் சேர்ந்துதான் கிளம்பினார்கள். வழக்கத்துக்கு மாறாகப் பேச்சில்லை. அவன் முன்னால் போனான், அவள் கொஞ்சம் பின்தங்கி வந்தாள். அச்சகத்துக்குப் போகும் தெருவில் ஒரு பக்கம் முழுக்க மதில் சுவர். அவன் ஒரு கையில் கம்பு பிடித்து, மறு கை விரல்களைச் சுவரில் லேசாக ஓடவிட்டபடி நடப்பான். வருஷக்கணக்காகப் பார்த்துச் சலித்த காட்சி அது. அன்றைக்குப் பேச்சு இல்லாததாலோ என்னவோ, அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சுவர் ஓர் இடத்தில் முடிந்தது. லாரி நுழைகிற அகலத்துக்கு ஒரு வாசல், கேட் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் சுவர் மறுபடியும் தொடங்குகிறது. அவன் விரல் சுவரை விட்டு நழுவியது. ஆனால் கை இறங்கவில்லை. சுவர் இருந்தபோது எந்த உயரத்தில், எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ, அப்படியே வெறும் காற்றில் நேராகப் போனது. வாசலைக் கடந்து அடுத்த சுவரில் பிசகாமல் போய்த் தொட்டது. அவன் நடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து ஏதோ திட்டிக்கொண்டு போனார். சுவர் முடிந்தது, கை முடியவில்லை. முடியாத கோடு எது என்று இவனுக்கா தெரியாது? தினமும் அதைப் பிடித்துக்கொண்டுதானே வேலைக்கு வருகிறான். தெரியாதது அவளுக்குத்தான். போகிறவன் விரலைத் தாளின் நடுவிலேயே நிறுத்தி, அம்பு என்று ஒரு வேலியைக் கட்டி, ஏன் போகவில்லை என்று அவனையே திட்டியிருக்கிறாள். அம்புக்குறி கண்ணுக்கான சைகை. விரலுக்கு அது ஒரு பொருள், தொட்டால் இடிக்கிற பொருள்.

அச்சகத்துக்குள் நுழைந்ததும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வேலையைத் தொடங்கினாள். புதிய அட்டை. கோட்டுக்கு ஒரே நூல், அட்டையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, அம்பும் இல்லை முடிச்சும் இல்லை. கதிருக்கு அட்டையின் நடுவில் ஒரு மணி, அங்கிருந்து கிளம்பி ஒரே பக்கமாக ஓரத்தைத் தாண்டிப் போகும் நூல். கோட்டுத்துண்டுக்கு மட்டும் இரண்டு மணி, இரண்டும் தாளுக்குள்ளேயே. தளத்துக்கு அந்தச் சாய்ந்த கட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அட்டை முழுவதையும் மெல்லிய உப்புத்தாளால் மூடினாள். கோடு கிடையாது, கட்டம் கிடையாது, மூலை கிடையாது.

சூட்டு மெஷின்காரர் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். நான்கு பக்கமும் சட்டம் பிடிக்கிற இடத்தில் தாள் இளகாது, அங்கே நூல் பதியாது, வெறும் ஓரமாகத்தான் நிற்கும் என்றார். அந்த ஓரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள் என்றாள். வெட்டினால் தாள் சின்னதாகிவிடும், தைக்க இடம் இருக்காது என்றார். தைக்க வேண்டாம், தைத்தால் அந்தப் பக்கம் போகிற கோடு புத்தகத்தின் முதுகில் போய் முட்டிக்கொள்ளும்; பின்னட்டையில் ஒரு பை ஒட்டி அதற்குள் போட்டுவிடலாம் என்றாள். தனித்தாளாக இருந்தால் பிள்ளைகள் தொலைத்துவிடுவார்களே என்று மேலாளர் கவலைப்பட்டார். தொலைத்தால் நான் செய்து தருகிறேன் என்றாள் அவள். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அதெல்லாம் இருக்கட்டும், முதலில் புரூப் சார் என்ன சொல்கிறார் என்று பாருங்கள் என்றார்.

மெஷின்காரர் வெட்டிக் கொடுத்த தாள்கள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு அவள் தம்பி அறைக்குப் போனாள். அவன் கதைப் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். பசை வாடையிலேயே யார் வந்திருப்பது என்று தெரிந்திருக்கும், ஆனாலும் நிமிரவில்லை.

"நான்தான் கணக்குப் புத்தகம் பாக்கலைன்னு சொல்லிட்டேனே" என்றான்.

"பாக்க வேண்டாம். சும்மா கையை வை."

கதிரை அவன் முன்னால் வைத்தாள். மேசையின் ஓரத்தோடு தாளின் ஓரம் ஒட்டியிருக்கும்படி வைத்தாள். அவன் பெருமூச்சு விட்டுக் கையை வைத்தான். விரல் மணியைக் கண்டுபிடித்தது. மணியைச் சுற்றித் தடவி, அங்கிருந்து ஒரே ஒரு நூல் கிளம்புவதைக் கண்டுபிடித்தது. நூலோடு போனது. தாளின் ஓரம் வந்ததும் நின்றது. மறுபடியும் மணிக்கு வந்து, மறுபடியும் நூலோடு போய், ஓரத்தில் நின்றது. அம்பைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து விளக்கிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

மூன்றாவது முறை விரல் நிற்கவில்லை. தாளைத் தாண்டியது, மேசையைத் தாண்டியது, காற்றில் நீண்டது. சுவரோரம் நடக்கும்போது எப்படி நேராகப் போகுமோ அதே நேரில், கை எட்டுகிற மட்டும் போனது. அதற்கு மேல் எட்டாது என்றானபோது அவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். கை ஜன்னலைப் பார்த்து நீட்டியபடி இருந்தது.

"தாள் முடிஞ்சிருச்சு" என்றான்.

"ஆமா."

"கோடு முடியல." கொஞ்சம் பொறுத்து, "ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் போகுதா?" என்று கேட்டான்.

"போகுது."

"எதிர் வீட்டுக்கு அப்புறமும்?"

"அதுக்கு அப்புறமும்தான். நிக்கவே நிக்காது."

அவன் நீட்டிய கையை இறக்காமலே நின்றான். பிறகு மற்றொரு கையால் மணியைத் தேடித் தொட்டான். ஒரு கை தொடங்குகிற இடத்தில், ஒரு கை போகிற திசையில். அப்படியே எவ்வளவு நேரம் நின்றான் என்று அவள் பார்க்கவில்லை. அவள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானாக்கா?" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "இவ்வளவுதானா இது? ஸ்கூல்ல இந்தப் பாடம் வந்தா என்னை வராந்தாவுல போய் உக்காருன்னுவாங்க. உனக்கு இது வேண்டாம், உனக்கு வராதுன்னுவாங்க. நானும் எனக்கு மூளை அவ்வளவுதான்னு நெனச்சிட்டு இருந்தேன். இத்தனை வருஷமா."

பசையக்கா, நேற்று நானும் அதையேதான் சொன்னேன், அந்த வாயில் பசையை ஊற்ற வேண்டும் என்று சொல்ல நினைத்தாள். "படம்தான்டா தப்பு" என்று மட்டும் சொன்னாள். "உன் மேல எப்பவும் தப்பு இல்ல."

அவன் தலையாட்டினான். உட்கார்ந்தான். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்த பிறகு விரல்களைத் தனியாக ஒரு முறை துடைத்துக்கொண்டான், ஈர விரலில் படிக்க முடியாது என்பதால். கதைப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தான். கோட்டைக் கேட்டு வாங்கினான். இரண்டு கையையும் நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விரித்து, தாளைத் தாண்டி அப்படியே நீட்டினான். சிரித்தான். கோட்டுத்துண்டை எடுத்து இரண்டு மணிக்கும் நடுவே விரலைப் போகவிட்டு, திரும்பி வரவிட்டு, இது வீட்டுக்குள்ளேயே நடக்கிற மாதிரி இருக்கிறது என்றான். மூன்றையும் சரிபார்த்த அடுக்கில் வைத்தான். இத்தனை நேரமும் அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள், உட்காரத் தோன்றவில்லை.

"தளம் எங்க?" என்றான்.

அதை நீட்டினாள். உள்ளங்கை இரண்டையும் வைத்து, எல்லாப் பக்கமும் தேய்த்துக்கொண்டே போனான். மேலே போய்த் தாளைத் தாண்டினான், கீழே வந்து தாண்டினான், இரண்டு பக்கமும் தாண்டினான். எங்கேயும் கை இடிக்கவில்லை. கதவும் இல்லை மூலையும் இல்லை என்று சொல்லிக்கொண்டான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐந்தும் முடிந்தது, திங்கட்கிழமை அச்சுக்குப் போய்விடும், இந்த வருஷத்துப் பிள்ளைகள் ஒருத்தரும் வராந்தாவில் உட்கார மாட்டார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே மேலாளர் அறைப் பக்கம் திரும்பினாள்.

"எங்க போறே? இரு" என்றான் அவன்.

அவன் விரல் தாளின் கீழ்மூலைக்குச் சற்று மேலே நின்றிருந்தது. அங்கே அவள் உப்புத்தாளில் சின்னதாக ஒரு சதுரம் வெட்டி எடுத்து, வழவழப்பான அந்த இடத்தில் ‘தளம்’ என்று பிரெய்லில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தாள். எல்லாப் படத்துக்கும் அப்படித்தான் ஒட்டுவாள். இதயத்துக்கு, ஆற்றுக்கு, தவளைக்கு எல்லாம் அப்படித்தான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

"இங்க தளம் இல்ல" என்றான் தம்பி. பழைய புரூப் சார் குரல், கறார் துளியும் குறையவில்லை. "ஓட்டை இருக்கு. தளம்னா எல்லா இடத்துலயும் இருக்கணும். நடுவுல ஓட்டை எப்படிக்கா வரும்? இதைத் தொடுற பிள்ளை, தளத்துல ஓட்டை உண்டுன்னுல்ல நெனச்சுக்கும்? பேரைப் பின்பக்கம் ஒட்டு. சரி பண்ணிக் கொண்டுவா, அப்புறம் பாக்கலாம்."

தாளைத் திருப்பி அவளிடம் நீட்டினான்.

அவன் திருப்பி அனுப்பிய தாள்கள் கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் முணுமுணுத்திருக்கிறாள், மூஞ்சியைத் தூக்கியிருக்கிறாள், வெள்ளிக்கிழமை வாய்விட்டே திட்டியும் விட்டாள். இந்த ஒரு தாளை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் கண்ணுக்குப் படாத தப்பு, வடிவியல் படித்துத் தேறிய அவள் யோசிக்காத தப்பு; அதைத் தளம் என்றால் என்னவென்று தெரிந்தவனால்தான் கண்டுபிடிக்க முடியும். இத்தனை சந்தோஷமாக அவள் எந்தத் திருத்தத்தையும் வாங்கியதில்லை.

"சரிங்க சார்" என்றாள்.

தன் மேசைக்கு வந்து, தளம் ஒட்டிய அட்டையை முன்னால் இழுத்து, பெயர்ச்சீட்டைக் கிள்ளி எடுத்தாள். ஓட்டையின் அளவுக்கு உப்புத்தாளில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, பசைப் புட்டியைத் திறந்தாள்.